தேர்ச்சிக்குச் சற்றுக் கீழே

விடை கிடைத்துவிட்டது என்பதை அவளிடத்தில் ஒரே ஓர் அடையாளத்தால்தான் கண்டுகொள்ள முடியும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் பிடிபடாதவளைப் போல மேலே சுழலும் மின்விசிறியைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு இப்படியொரு பொருள் இருப்பது எனக்கே வெகுநாள் தெரியாது. அதுவரையில், அவளுக்கு இயற்பியல் வராது என்று, சிகந்தராபாத்தை ஒட்டிய லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸே நம்பியதைப் போல நானும் நம்பியிருந்தேன்.

நாங்கள் இருவரும் பி.எஸ்ஸி.யில் ஒரே வகுப்பு. இறுதித் தேர்வில் எல்லாத் தாள்களிலும் தேறியவள், இயற்பியல் இரண்டாம் தாளில் மட்டும் தோற்றாள். ஒளியியல், நிலைமின்னியல், காந்தவியல் மூன்றும் சேர்ந்த தாள் அது. நான் எம்.எஸ்ஸி. சேர்ந்துவிட்டேன். அவள் வீட்டில் இருந்துகொண்டு மார்ச்சிலும் செப்டம்பரிலும் அதே தாளைத் திரும்பத் திரும்ப எழுதினாள். ஒவ்வொரு முறையும் தேர்ச்சிக்கு இரண்டோ மூன்றோ மதிப்பெண் குறைவாக வரும். ஒருநாள் அவளுடைய அம்மா மாரெட்பள்ளியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, “நீ பக்கத்துல ஒக்காந்து கணக்குப் போட வையும்மா. ஒரு நூல்லதான் தவறிப் போவுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைப் பிற்பகல்கள் அவர்கள் வீட்டு முன்னறையில் கழிந்தன.

அந்த அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், கம்பி வைத்த ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸின் சுவர். பணிமனையின் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் அந்தச் சந்தில் ஒரே நேரத்தில் திரும்பும். அவற்றில் ஒன்று அவள் அப்பாவுடையது. பணிமனையில் சார்ஜ்மேன், தொழிலாளர்களை மேற்பார்க்கும் வேலை. உள்ளே வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் மேசையருகே நின்று, “ஏதாவது ஏறுதா?” என்று என்னைத்தான் கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் அவளே, “கொஞ்சம் கொஞ்சமா வருதுப்பா” என்பாள். அவர் அவள் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போவார். அந்தத் தொடுகையில் இரக்கம் இருந்தது. மக்குக் குழந்தையின் மேல் ஒரு தகப்பனுக்குக் கூடுதலாகச் சுரக்கும் அன்பும் இருந்தது.

தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்வது அவளுக்குத் தேர்வில் மட்டும் இருந்த வழக்கமில்லை. ஒருமுறை சிகந்தராபாத்துக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். பின் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் அவள் புடவையின் நிறத்தைப் பற்றியும், அதை உடுத்தியிருந்த நேர்த்தியின்மையைப் பற்றியும் தெலுங்கில் விரிவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மதராசுப் பெண்களுக்கு என்ன புரியப் போகிறது என்ற தைரியம். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவளோ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காதவளாக உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போதுதான் திரும்பி, அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் அப்போதே போய்விட்டது என்பதைக் குற்றமற்ற தெலுங்கில், மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தாள்.

வீட்டில் ஃப்யூஸ் போனால் அவள்தான் கம்பி மாற்றுவாள். அப்பா வீட்டில் இருந்தால் மட்டும் மாற்றமாட்டாள். அவர் நாற்காலி போட்டு ஏறி, எந்தக் கம்பி, எத்தனை சுற்று, ஏன் என்று விளக்குவார். அவள் கீழே விளக்கைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் கேள்வி கேட்பாள். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, உனக்குத்தான் தெரியுமே என்று கேட்டேன். “நக்கோ டீ, வேணாம். அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் புடிக்கும். கெடுப்பானேன்?” என்றாள். அன்று அதை நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அரக்கோணத்திலிருந்து அவளுக்கு ஒரு பார்சல் வரும். அனுப்புகிறவர் அவளுடைய அத்தை மகன். ரயில்வேயில் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். மதராசுக்குப் போகும்போது, விடைகளோடு கூடிய இயற்பியல் கையேடுகளில் புதிதாக வந்ததைத் தேடி வாங்கி, ஒரு பெட்டி பென்சிலுடன் அனுப்பிவைப்பார். கையேட்டின் முதல் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் ‘வெற்றி பெற வாழ்த்துகள்’ என்று மட்டும் இருக்கும். அவள் பட்டம் பெற்றதும் அவருக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. அவள் அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அத்தைதான். அவள் பிறந்தபோதே வாக்குக் கொடுத்தாயிற்று. பள்ளி முடிந்ததும் நடந்திருக்க வேண்டிய கல்யாணத்தை, மகள் படிக்க ஆசைப்பட்டாள் என்பதற்காக, அக்காவிடம் மன்றாடி அப்பாதான் தள்ளிப்போட்டிருந்தார். டிகிரி வாங்கட்டும், மறுமாதமே முகூர்த்தம் என்பது உடன்பாடு.

நான் அவளுக்கு மிகவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். லென்ஸ் கணக்குகள்தான் அவளுக்குப் பெரிய இடறலாக இருந்தன. நாங்கள் படித்த ஆண்டுகளில்தான் பாடநூல்களில் குறி மரபு மாறியது. பழைய முறையில் மெய்யான பொருளின் தொலைவும் மெய்ப் பிம்பத்தின் தொலைவும் நேர்க்குறி. புதிய முறையில் ஒளி செல்லும் திசைக்கு எதிரே அளப்பவை எதிர்க்குறி. இரண்டு முறைகளுக்கும் சூத்திரம் வேறு. இவளோ புதிய சூத்திரத்தை எழுதி, அதில் பழைய குறிகளைப் போடுவாள். குவிய தூரம் இருபது, பொருள் முப்பது சென்டிமீட்டரில் என்றால் பிம்பம் அறுபதில் விழ வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டில் விழும். எங்கள் தலைமுறை மாணவர்களுக்கே உரிய தவறு அது. எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் பின்னால் படித்தவர்களும் அதைச் செய்திருக்க வழியில்லை. நான் மறுபடி தொடக்கத்திலிருந்து விளக்குவேன். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு மின்விசிறியைப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை, இரண்டு மின்னூட்டங்களுக்கு அருகில் மின்புலம் சுழியாகும் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கை நான் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. அவள் மேசையின் மறுபக்கம் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவசரத்தில் சிறியது எதிர்மின்னூட்டம் என்பதைக் கவனிக்காமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்துவிட்டு, அது ஏன் அங்கே வருகிறது என்று விளக்கவும் தொடங்கிவிட்டேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்:

“நடுவுல தேடாதே டீ. ஒண்ணு மைனஸ். நடுவுல ரெண்டும் ஒரே பக்கமாத்தான் தள்ளும். வெளியில, சின்னது பக்கமாப் பாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கு உறைத்தது. கீரைத் தண்டு ஒன்று அவள் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது. சமையலறையில் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது.

“உனக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றேன்.

“மெதுவாப் பேசு.”

அதன்பின் அவள் தலையைக் குனிந்தபடி, கீரை ஆய்வதை நிறுத்தாமல், எல்லாவற்றையும் சொன்னாள். தேறினால் அரக்கோணம். தோற்றால் இந்த ஜன்னல். நிறையத் தோற்றால், இவளுக்குப் படிப்பே ஏறாது என்று முடிவுகட்டி, அத்துடன் படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை நடத்திவிடுவார்கள். ஆகவே தேர்ச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ள வேண்டும். இன்னும் ஒரே ஒரு முறை எழுதினால் போதும் என்று அப்பாவுக்கும் அத்தைக்கும் தோன்றும்படியான ஓர் இடம். அந்த இடத்தைப் பிடிக்க ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தவறுக்கு எத்தனை மதிப்பெண் போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தை மகன் கெட்டவரா என்று கேட்டேன்.

“சேச்சே. நல்லவர்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அதான் கஷ்டமே. கெட்டவரா இருந்தா வேண்டாம்னு சொல்ல ஒரு காரணமாவது கெடைச்சிருக்கும்.”

அவளுக்கு வேண்டியிருந்தது வேலை. நகரத்தைச் சுற்றி அப்போது ஒன்றன்பின் ஒன்றாக அரசுத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கூடங்களுக்கு அறிவியல் பட்டதாரிகளை, பெண்களையும்கூட, எடுத்துக்கொண்டிருந்தார்கள். குகட்பள்ளிப் பக்கம் போகும் தொழிற்சாலைப் பேருந்துகளை அவள் நின்று பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். “டிகிரி இல்லாம அவங்க உள்ள விடமாட்டாங்க. டிகிரி வந்தா அப்பா வெளியில விடமாட்டார். என்னை என்ன பண்ணச் சொல்றே?” என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகும் சனிக்கிழமைகள் தொடர்ந்தன. பயிற்சி மட்டும் வேறாகிவிட்டது. நாங்கள் தவறுகளைப் பயின்றோம். கூலும் விதியில் தொலைவின் இருமடியை மறப்பது கூடாது. அடிப்படையே தெரியாதவள் என்று தாளைத் தள்ளிவிடுவார்கள். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பது நல்லது. பதற்றத்தில் யாருக்கும் நேரக்கூடியது, பாதி மதிப்பெண்ணாவது தருவார்கள். சட்டகாந்தத்தின் வடமுனை வடக்கு நோக்கினால் சுழிப்புள்ளிகள் பக்கவாட்டில் அமையும், தெற்கு நோக்கினால் அச்சுக்கோட்டில் அமையும். இதை மாற்றிப் போட்டால் கணக்கு முழுவதும் ஒழுங்காக நடந்து, விடை மட்டும் தவறிவிடும். அது அவளுக்கு மிகவும் பிடித்த தவறு. “படிக்கிறவருக்கே பாவமா இருக்கும்” என்பாள். சமையலறையிலிருந்து அவள் அம்மா எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாளில் நிறைந்திருக்கும் எண்களைத் திருப்தியுடன் பார்த்துவிட்டுப் போவார்.

அவளோடு சிரித்திருக்கிறேன். சில நாட்களில் வீடு திரும்பும்போது எனக்கு அச்சமாகவும் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு ஒரு முகம், அம்மாவுக்கு ஒரு முகம், தேர்வாளருக்கு ஒரு முகம் என்று வைத்திருப்பவள் எனக்கென்று எந்த முகத்தை வைத்திருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே நடப்பேன்.

பிறகு பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றியது. பழைய திட்டத்தில் தோற்றவர்களுக்கு அந்த மார்ச்சுதான் கடைசி வாய்ப்பு. செய்தி அரக்கோணத்துக்கும் எட்டியது. தேறினாலும் தேறாவிட்டாலும் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்று அத்தை எழுதிவிட்டார். அப்பாவுக்கு இனி தள்ளிப்போட ஒரு சாக்கும் இல்லை.

தேர்வு முடிந்து வெளியே வந்தவளோடு பேருந்து நிறுத்தம் வரையில் நடந்தேன். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்காகக் கேட்டேன். அவள் விடைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மனத்திற்குள் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. கடைசிக் கேள்விக்கு வந்தபோது நின்றுவிட்டேன்.

“எல்லாத்தையும் சரியா எழுதிட்டியா?”

“தப்பா எழுதி இனிமே என்ன கெடைக்கப் போவுது? டிகிரியாவது மிஞ்சட்டும்” என்றாள்.

செய்தித்தாளில் அவள் எண் வந்த வாரமே அத்தையும் மகனும் நாள் குறிக்க வந்துவிட்டார்கள். அப்பா சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கே போய் அழைத்துவந்தார். எல்லாரும் அவள் பாஸ் செய்ததற்கு என்னைத்தான் பாராட்டினார்கள். அத்தை எனக்குப் பூ வைத்துவிட்டார். அவள் அப்பா, “கல்லையும் கரைச்சிட்டியேம்மா” என்று என்னிடம் சொன்னபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவள் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

சாப்பாட்டுக்கு முன்பாக, பெண்ணோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அத்தை மகன் கேட்டார். துணைக்கு என்னையும் சேர்த்துக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பினார்கள். துவைக்கும் கல்லின் விளிம்பில் அவர் உட்கார்ந்தார். நெற்றி ஏறிய, மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். அவர் பேசத் தொடங்கியதே லென்ஸில்தான்.

“கடைசியா லென்ஸ் பிடிபட்டுடுச்சா? உனக்கு எங்கே தடுக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்னு நானும் அந்தப் பாடத்தைப் படிச்சுப் பார்த்தேன். ஆபீஸ்ல, சாப்பாட்டு நேரத்துல. அந்த பிளஸ் மைனஸ் எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு.”

அவள் வெகுநேரம் அவரைப் பார்த்தாள். அவள் உள்ளுக்குள் என்ன எடைபோட்டாள் என்று நான் அறியேன்.

“எனக்குக் குழப்பம் இருந்ததில்லை” என்றாள். “வேணும்னேதான் தப்பா எழுதினேன்.”

அவருக்கு அது உடனே போய்ச் சேரவில்லை. சேர்ந்தபோது கையைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

“எல்லாத் தடவையுமா?”

“இந்தத் தடவையத் தவிர.”

“எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே.”

“உங்களுக்கு வர்ற லெட்டரை அத்தைதானே பிரிப்பாங்க?”

அவர் மறுக்கவில்லை. எழுந்தபோது குரலில் கோபம் இல்லை. ஒருவேளை இருந்ததை எங்களுக்குக் காட்டவில்லையோ என்னவோ. “நீ சொன்னது வெளியில வந்தா மாமா உன்னைச் சும்மா விடமாட்டார். உள்ள போய் நான் ஒண்ணு சொல்லப் போறேன். கேக்க நல்லா இருக்காது. நீ மறுத்துப் பேசாம இரு, போதும்” என்றார்.

முன்னறையில் எல்லார் முன்னிலையிலும் தம் அம்மாவைப் பார்த்து அவர் சொன்னார்: “இவ்வளவு தடவை எழுதித்தான் ஒரு பாஸ் வந்திருக்கு. நாளைக்குப் பொறக்கிற கொழந்தைங்களும் இப்படியே இருந்தா என்னம்மா பண்றது? எனக்கு வேண்டாம்.”

அத்தை திகைத்துப்போனார். ஆனால் மகன் பேசியது மகன் பேசியதுதான். சிறிது நேரத்தில் அவரும் அதே பக்கம் சாய்ந்து, தமக்கும் அந்தக் கவலை இருந்ததாகச் சொல்லத் தொடங்கினார். அவள் அப்பா எழுந்து நின்றார். அவர் அக்காவிடம் போகவில்லை, மகளிடம் வந்தார். “நீ சொல்லும்மா. நீ என்ன அவ்வளவு மக்கா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு” என்றார். கெஞ்சுகிற குரல். ஒரு சொல் போதும், ஆறேழு ஆண்டுப் பொய்யும் அதை மறைக்க வந்த புதுப் பொய்யும் சேர்ந்து சரிந்துவிடும். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அவள் விடுதலை அப்படித்தான் வந்தது. ஆனால் வேறொரு வேலியையும் கூடவே கொண்டுவந்தது. அரக்கோணத்தான் மக்கென்று வேண்டாமென்ற பெண் என்ற பெயர், லாலாகுடாவிலிருந்து பெரம்பூர் வரையில் எந்த ரயில்வே காலனியில் அவர்களுக்கு உறவினர் இருந்தார்களோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அதைத் திருத்த அவளால் முடியாது. திருத்தினால், கல்யாணத்தை முறித்த பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டு போன மனிதரைக் காட்டிக்கொடுத்ததாகும். என் கல்யாணத்துக்கு வந்திருந்தபோது, அவள் அப்பா என் மாமனாரிடம் அவளை அறிமுகப்படுத்தி, “தங்கமான பொண்ணுங்க. தலைதான் கொஞ்சம் மெதுவு” என்றார். நான் வாயெடுத்தேன். மணமேடையின் நெரிசலுக்குள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்களின் இறுக்கம் வெகுநேரம் இருந்தது.

வேறு வரன் எதுவும் வரவில்லை. இனி என்ன, வேலைக்காவது போகட்டும் என்று அப்பாவே ஒருநாள் சொல்லிவிட்டார். அவள் விண்ணப்பித்தது, மின் அளவுமானிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்கு. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு மானியும் சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக் கையெழுத்திடும் வேலை. நேர்காணலுக்கு நானும் உடன் போயிருந்தேன். வெளியே வந்தவள், கேட்ட கணக்குகளை எல்லாம் நின்ற நிலையிலேயே போட்டுவிட்டதாகவும், அவர்கள் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிவிட்டு, இப்படிப் போடுகிறவள் ஒரே தாளில் இத்தனை முறை எப்படித் தோற்றாள் என்று கேட்டதாகவும் சொன்னாள்.

“நீ என்ன சொன்னே?”

“எனக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் சார் புரியும்னு சொன்னேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. அங்கே அவள் அப்பா இல்லை, அத்தை இல்லை, அரக்கோணத்தார் யாருமில்லை. நேர்காணல் செய்த, முன்பின் அறியாத நான்கு பேரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் சான்றிதழ்களை உறைக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

“சொல்லலாம். தெரிஞ்சே தப்பா எழுதுறவள்னு தெரிஞ்சா, மீட்டர் பாத்துக் கையெழுத்துப் போடுற வேலைய எனக்குக் குடுப்பாங்களா?”